நம்பு என்னும் வினைச்சொல்

ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் நாம் எழுந்து நின்று ஒரு வினைச்சொல்லை அறிக்கையிடுகிறோம். 'நம்புகிறேன்' என்பது அச்சொல். முதியோர் சிலர் நாப்பழக்கத்தால் இன்றும் 'விசுவசிக்கிறேன்' என்று மெல்லச் சொல்வதைக் கேட்கலாம். சொல் மாறியிருக்கிறது. பொருளும் மாறியதா? மாறியிருப்பின் அது வரவா, இழப்பா? இது மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டும் உரிய வினா அன்று. யாரிடம் எதைக் கொடுக்கிறோம் என்று அறியாமல் இச்சொல்லை உச்சரிப்பவர், சோதனை வரும் நாளில் தாம் எதை இழந்தோம் என்பதையும் அறியாமல் தவிப்பார். ஆதலின் இச்சொல்லைச் சற்றுப் பொறுமையாக ஆராய்வோம்.

இரு சொற்களின் வரலாறு

'விசுவாசம்' வடசொல். மூச்சு விடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. அஞ்சி மூச்சடக்கி நின்ற ஒருவர் அச்சம் நீங்கி இயல்பாக மூச்சு விடுதல் அதன் அடிப்படைப் பொருள். அழகிய பொருள்தான். தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நோபிலி 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து, கற்றோர் அவையில் மறையை எடுத்துரைத்தபோது, சமயக் கருத்துகளுக்கு வடசொற்களையே பெரிதும் கையாண்டார். அவ்வழியில் வளர்ந்த கத்தோலிக்கத் தமிழில் சர்வேசுரன், ஞானஸ்நானம், தேவநற்கருணை ஆகியவற்றோடு விசுவாசமும் நிலைபெற்றது.

அக்காலத்தில் இறைசார்ந்த புண்ணியங்கள் மூன்றையும் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று நம் முன்னோர் மனப்பாடம் செய்தனர். இங்கே 'நம்பிக்கை' இரண்டாம் இடத்தில் இருப்பதைக் காண்க. வரவிருக்கும் நன்மையைக் காத்திருக்கும் மனநிலைக்கே அது பெயராக இருந்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இச்சொல்லை முதலிடத்துக்கு உயர்த்தியது. இரண்டாம் இடத்துக்கு 'எதிர்நோக்கு' வந்தது. 2025-ஆம் ஆண்டு யூபிலியின்போது 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று நாம் அழைக்கப்பட்டதும் இவ்வழியிலேயே.

இம்மாற்றத்துக்குத் தக்க காரணம் உண்டு. பொதுத் தமிழில் விசுவாசம் என்னும் சொல் நாளடைவில் வேறு பொருளுக்கு நகர்ந்துவிட்டது. எசமானனுக்கு வேலைக்காரன் காட்டும் உண்மை, வீட்டுக்குக் காவல் நாய் காட்டும் நன்றி ஆகியவற்றையே இன்று அச்சொல் முதலில் நினைவூட்டுகிறது. ஆலயத்துக்குள் ஒரு பொருளும் தெருவில் மற்றொரு பொருளும் தரும் சொல், காலப்போக்கில் ஆலயத்துக்குள்ளேயே அடைபட்டுவிடும். 'நம்பு' அவ்வாறு அடைபட்ட சொல் அன்று. சந்தையிலும் வயலிலும் கடற்கரையிலும் அது உயிரோடு இருக்கிறது.

அதன் பழமையும் எண்ணத்தக்கது. தொல்காப்பியரின் உரியியல் 'நம்பு' என்னும் சொல்லுக்கு 'நசை' என்று பொருள் கூறுகிறது. நசையாவது விருப்பம். ஒருவர் சொல்வதை மெய்யென்று ஏற்றுக்கொள்ளுதல் இச்சொல்லின் பிற்காலப் பொருள். ஒருவரை விரும்பி நாடுதல் அதன் பழம்பொருள். அறிவின் இசைவுக்கு முன்னே நெஞ்சின் நாட்டம் இச்சொல்லுக்குள் குடியிருந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம். அகுஸ்தினாரிடம் செல்லும்போது இது நமக்குத் துணைசெய்யும்.

வினையைப் பெயராக்கியதால் வந்த இழப்பு

சொல் தேர்வைப் பாராட்டிய நாம், அதனைக் கையாளும் முறையில் ஒரு குறையைச் சுட்ட வேண்டியுள்ளது.

யோவான் நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் 'பிஸ்திஸ்' (நம்பிக்கை) என்னும் பெயர்ச்சொல் ஓரிடத்திலும் இல்லை. 'பிஸ்தெயுவோ' (நம்பு) என்னும் வினையோ 98 முறை வருகிறது. மற்ற நற்செய்தியாளர்கள் பெயர்ச்சொல்லையும் வழங்கியிருக்க, யோவான் மட்டும் அதனை அறவே தவிர்த்திருப்பது தற்செயலாக இருத்தல் அரிது. அவர் பார்வையில் நம்பிக்கை ஒருவர் தம்மிடம் வைத்திருக்கும் பொருள் அன்று. அவர் செய்துகொண்டிருக்கும் செயல். மேலும், 30-க்கும் மேற்பட்ட இடங்களில் இவ்வினையோடு 'எய்ஸ்' என்னும் இடைச்சொல்லை அவர் சேர்க்கிறார். 'உள்நோக்கி', 'நோக்கிச் சென்று' என்னும் இயக்கப் பொருளை அது தரும். நம்புதல் என்பது ஒருவரை நோக்கிப் புறப்படுதல்.

நம் மொழிபெயர்ப்பு இதனைப் பல இடங்களில் 'நம்பிக்கை கொள்' என்று தருகிறது. வினையைப் பெயராக்கி, அப்பெயரோடு 'கொள்' என்னும் துணையைச் சேர்த்த வடிவம் இது. 'அன்புகொள்', 'உறவுகொள்' என்று தமிழ் மரபில் இவ்வாறு வருவது உண்டு. ஆகவே இதனைப் பிழை என்று யாரும் சொல்ல இயலாது. ஆயினும் செவி ஒன்றை உணர்கிறது. 'கொள்' என்பது பெறுதலைக் குறிக்கும் சொல். கொடுக்கும் வினை ஒன்று பெறும் வினையாக ஒலிக்கிறது. யோவான் ஓடவிட்ட சொல்லை நாம் உட்கார வைத்துவிட்டோம்.

இதன் விளைவை நம் பேச்சில் காணலாம். 'எனக்கு நம்பிக்கை இருக்கிறது', 'அவருக்கு நம்பிக்கை அதிகம்', 'என் நம்பிக்கை குறைந்துவிட்டது' என்று, பானையில் உள்ள நீரைப் போல நம்பிக்கையை அளந்து பார்க்கிறோம். அளவைப் பற்றிக் கவலைப்படும் நாம், அதைக் கொண்டு என்ன செய்தோம் என்று கேட்க மறந்துவிடுகிறோம். இன்னொரு பக்கம், 'நாளை மழை வரும் என்று நம்புகிறேன்' என்பது போல, வெறும் கருத்தைச் சொல்லவும் இவ்வினை பயன்படுகிறது. அங்கே சொல்பவர் எதையும் பணயம் வைப்பதில்லை. மழை வராவிட்டால் அவருக்குக் குடை சுமந்த களைப்பு மட்டுமே மிஞ்சும்.

ஆனால் எளிய மக்களின் தமிழைக் கேளுங்கள். 'மழையை நம்பி விதைத்தோம்', 'கடலை நம்பிப் பிழைக்கிறோம்', 'உன்னை நம்பித்தான் வந்தேன்', 'அவனை நம்பிக் கழுத்தை நீட்டினேன்', 'நம்பிக் கொடுத்தேன், சாமி.' இவற்றில் எல்லாம் 'நம்பி' என்பது வினையெச்சம். எச்சம் தனித்து நிற்காது. தன்னை முடித்துவைக்க ஒரு செயலைத் தேடும். விதைத்தல், வருதல், கழுத்தை நீட்டுதல், கொடுத்தல் என ஒவ்வொரு 'நம்பி'க்குப் பின்னும் திரும்பப் பெற முடியாத ஒரு செயல் நிற்கிறது. மண்ணில் போட்ட விதையை மழை பொய்த்தால் எடுத்துக்கொள்ள முடியாது. செயலற்ற நம்பிக்கை உயிரற்றது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் வாதிட்ட உண்மையை, தமிழ் உழவர் தம் வாக்கிய அமைப்பிலேயே வைத்திருக்கிறார். நம் மறைக்கல்விக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் வேண்டுமா?

ஒப்படைக்கும் வினை

கிரேக்கச் சொல்லுக்கு மற்றொரு முகமும் உண்டு. 'பிஸ்தெயுவோ' என்பதற்கு நம்புதல் என்பது போலவே, நம்பி ஒப்படைத்தல் என்பதும் பொருள். இலத்தீனின் 'கிரேதோ'வும் இத்தகையதே. கடன் கொடுத்தலையும் உரோமையர் அவ்வினையாலேயே குறித்தனர்; வங்கிகளில் வழங்கும் 'கிரெடிட்' என்னும் சொல் அதன் வழித்தோன்றல். அச்சொல்லின் வேர் 'இதயத்தை வைத்தல்' என்றும், வடமொழியின் 'சிரத்தா', அதாவது நாம் 'சிரத்தை' என்று வழங்கும் சொல், அதனோடு பிறந்தது என்றும் மொழியியலார் பலர் கொள்வர். நம்புதல் என்பது இதயத்தைப் பிறர் கையில் வைத்தல்.

இந்த இருபொருளை யோவான் ஓரிடத்தில் மிக நுட்பமாகப் பயன்படுத்துகிறார். இரண்டாம் அதிகாரத்தின் இறுதியில், பாஸ்கா விழாவின்போது எருசலேமில் இயேசு செய்த அரும் அடையாளங்களைக் கண்டு பலர் அவரை நம்பினர் என்று எழுதுகிறார். அடுத்த வரியிலேயே, அதே வினையைக் கொண்டு, இயேசுவோ தம்மை அவர்களிடம் நம்பி ஒப்படைக்கவில்லை என்கிறார். மனித உள்ளத்தில் இருப்பதை அவர் அறிந்திருந்தார் என்பது காரணமாகக் கூறப்படுகிறது. அவர்கள் அவரை நம்பினர். அவர் அவர்களை நம்பவில்லை. ஒரே சொல் இரு திசையில் எறியப்பட்டு, ஒன்று மட்டும் திரும்பி வருகிறது. சீர்திருத்தச் சபையினர் நெடுங்காலமாக வாசித்துவரும் மொழிபெயர்ப்பில் முதல் வரியில் 'விசுவாசம்' என்றும் இரண்டாம் வரியில் 'நம்பி' என்றும் சொற்கள் வேறுபடுவதால், இவ்வெதிரொலி தமிழ்ச் செவிக்கு எட்டுவதில்லை. இரண்டு வரிகளுக்கும் 'நம்பு' என்னும் ஒரே வேரைக் கொண்ட மொழிபெயர்ப்பில் அது மீண்டும் ஒலிக்கிறது. பழைய சொல்லை விட்டதால் நமக்குக் கிடைத்த தெளிவான ஆதாயம் இது.

இங்கே அறநெறி ஒன்றும் அடங்கியிருக்கிறது. இயேசு எல்லாரையும் அன்பு செய்தார். ஆனால் எல்லாரிடமும் தம்மை ஒப்படைத்துவிடவில்லை. அன்பு செய்வதும் நம்பி ஒப்படைப்பதும் ஒன்றல்ல. கண்ணை மூடிக்கொண்டு எவரையும் நம்புவதுதான் கிறித்தவப் பண்பு என்று நினைப்பவர்கள் இவ்வரிகளை மீண்டும் வாசிப்பார்களாக. வள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை வகுத்து, முதலில் ஆராய்தல், பின்னர் தெளிதல், தெளிந்தபின் ஐயுறாமை என்று இதற்கு ஒரு வரிசை தந்தார்.

பவுலும் இவ்வரிசையை அறிந்தவர். தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கடவுள் தங்களைத் தேர்ந்து பார்த்துத் தகுதியுடையோர் எனக் கண்டு நற்செய்தியை ஒப்படைத்தார் என்கிறார். கலாத்தியருக்கு எழுதும்போதும் உரோமையருக்கு எழுதும்போதும் அதே வினையை ஆள்கிறார். இவ்விடங்களில் தமிழில் 'ஒப்படைத்தல்' என்று மட்டும் வரும்போது செய்தி சரியாக வந்துவிடுகிறது. ஆனால் நாம் கடவுளை நோக்கிச் சொல்லும் அதே சொல்லைக் கடவுள் நம்மை நோக்கிச் சொல்கிறார் என்னும் வியப்பு வராமல் போகிறது. லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் உண்மைச் செல்வத்தைப் பற்றிய வினாவில், 'நம்பி ஒப்படைத்தல்' என்று இரு சொற்களும் சேர்ந்து வருவதைப் போல, பவுலின் திருமுகங்களிலும் 'நம்பி' என்னும் எச்சத்தை முன்னே சேர்த்தால் போதும். மூன்றெழுத்தில் ஓர் இறையியல் திரும்பிவிடும். கடவுள் நம்மை நம்புகிறார் என்பது அவ்விறையியல்.

ஒரே உருபு, வேறு பொருள்

இனி நம் நம்பிக்கை அறிக்கைக்குத் திரும்புவோம். தமிழில் 'கடவுளை நம்புகிறேன்' என்றும் 'திருச்சபையை நம்புகிறேன்' என்றும் ஒரே வேற்றுமை உருபோடு சொல்கிறோம். இரண்டும் ஒரே நிறையில் ஒலிக்கின்றன. திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையின் இலத்தீன் வடிவமோ இங்கே ஒரு வேறுபாட்டைக் காக்கிறது. தந்தை, மகன், தூய ஆவியார் ஆகிய மூவருக்கு முன் 'இன்' என்னும் இடைச்சொல் நிற்கிறது. திருச்சபைக்கு முன் அது இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதனை 750-ஆம் எண்ணில் எடுத்துக்காட்டி, கடவுளையும் அவருடைய செயல்களையும் குழப்பிக்கொள்ளாதிருக்கவே இவ்வேறுபாடு என்று விளக்குகிறது.

இதற்கு அடித்தளமிட்டவர் புனித அகுஸ்தினார். யோவான் நற்செய்திக்கு அவர் ஆற்றிய விளக்கவுரைகளில், ஒருவர் சொல்வதை நம்புதல் வேறு, ஒருவரை நோக்கி நம்பிச் செல்லுதல் வேறு என்கிறார். பேதுருவும் பவுலும் சொல்வதை நாம் நம்புகிறோம். ஆனால் அவர்களை நோக்கி அவ்வாறு நம்பிச் செல்வதில்லை. கிறிஸ்துவை நோக்கி மட்டுமே அவ்வாறு செல்கிறோம். அப்படிச் செல்லுதல் யாது என்று வினவி, நம்புவதாலேயே அவரை அன்பு செய்தல், நம்புவதாலேயே அவரிடம் சேர்தல் என்று விடை தருகிறார். நம்புதலை அன்போடு இணைத்த ஆயரும், 'நம்பு' என்பதற்கு 'நசை' என்று பொருள் கண்ட தமிழ் இலக்கண ஆசிரியரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் சொல்லின் ஆழத்தில் இருவரும் சந்திக்கின்றனர்.

தூய தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் இக்கருத்தை ஏற்று, ஒரே செயலின் மூன்று முகங்களாக விரித்துரைக்கிறார். அவற்றைத் தமிழில் இவ்வாறு பிரித்துச் சொல்லலாம்: கடவுள் உண்டென்று நம்புகிறேன், கடவுள் சொல்வதால் நம்புகிறேன், கடவுளை நம்பி என்னையே கொடுக்கிறேன். முதலாவதைப் பேய்களும் செய்கின்றன என்கிறார் யாக்கோபு. மூன்றாவதை அன்பு செய்பவரே செய்ய இயலும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இறை வெளிப்பாடு' பற்றிய ஏட்டின் ஐந்தாம் எண், நம்பிக்கையை மனிதர் தம்மை முழுமையாகவும் உரிமையோடும் கடவுளிடம் ஒப்படைக்கும் செயலாகக் காட்டுவதும் இம்மூன்றாம் முகத்தையே.

இஃது இலக்கண நுணுக்கம்தானே, இதனால் ஆவது என்ன என்று வாசகர் கேட்கலாம். ஆவது மிகப் பெரிது. எந்தப் பங்கிலும் சிலரைக் காணலாம். அவர்கள் ஓர் அருள்பணியாளரையோ, பங்கின் பொறுப்பாளர் ஒருவரையோ முழுதும் நம்பியவர்கள். சேமிப்பை நம்பிக் கொடுத்தவர்கள் உண்டு. குடும்பத்தின் மறைவான துயரை நம்பிச் சொன்னவர்கள் உண்டு. பிள்ளைகளை நம்பி அனுப்பியவர்கள் உண்டு. அந்நம்பிக்கை முறிந்த நாளில் அவர்கள் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். 'நம்பிக்கையே போய்விட்டது' என்கிறார்கள். எந்த நம்பிக்கை என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. ஏனெனில் நாம் அவர்களுக்குப் பிரித்துக் கற்பிக்கவில்லை. ஒரே வினை, ஒரே உருபு, ஒரே மூச்சு. மனிதரை நம்பியது உடைந்தபோது கடவுளை நம்பியதும் சேர்ந்து உடைந்தது போல அவர்களுக்குத் தோன்றுகிறது. பவுலை நோக்கிக்கூட அவ்வாறு நம்பிச் செல்வதில்லை என்ற அகுஸ்தினாரின் வேறுபாடு, இவர்களுக்கு ஒரு மருந்து. கடவுளுக்கு மட்டுமே உரிய இடத்தில் எவரையும் வைக்காதிருந்தால், அவர் விழும்போது நாம் கடவுளை விட்டு விழ வேண்டியதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இவ்வேறுபாடு காயப்பட்டவருக்கு மருந்தேயன்றி, காயப்படுத்தியவருக்குக் கேடயம் அன்று. 'மனிதரை ஏன் அவ்வளவு நம்பினீர்கள்?' என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்பது மறையுரை அன்று; கொடுமை. நம்பிக் கொடுத்தவரின் பொறுப்பைவிட நம்பிப் பெற்றவரின் பொறுப்பு பெரிது. இதற்குத் தமிழில் 'அடைக்கலம்' என்னும் நிறைந்த சொல் உண்டு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். பின்னர் கோவலன் கொலையுண்ட செய்தியறிந்த மாதரி, அடைக்கலத்தைக் காக்கத் தவறினோமே என்று தீயில் பாய்ந்ததை நீர்ப்படைக் காதை தெரிவிக்கிறது. கொலையில் அவளுக்குப் பங்கில்லை. பழி அவள்மேல் இல்லை. இருந்தும் அவள் உயிர் தாங்கவில்லை. அவள் முடிவை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அவள் உணர்ந்த பாரத்தை உணர வேண்டும். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஆன்மாக்களைப் பற்றி அருள்பணியாளர்களாகிய நாங்கள் அவ்வளவு நடுங்குகிறோமா?

இரு கைகளில் ஒரு பொருள்

திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில், தாம் நம்பியிருப்பவர் யார் என்று தமக்குத் தெரியும் என்கிறார் பவுல். 'என்ன நம்புகிறேன்' என்று அவர் சொல்லவில்லை, 'யாரை' என்கிறார். தொடர்ந்து, அவர் அந்த அடைக்கலப் பொருளை இறுதி நாள்வரை காக்க வல்லவர் என்கிறார். இங்கே கிரேக்கத் தொடர் இருபொருள் தரும்: 'நான் அவரிடம் ஒப்படைத்த பொருள்' என்றும் கொள்ளலாம், 'அவர் என்னிடம் ஒப்படைத்த பொருள்' என்றும் கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தமிழில் 'என் அடைக்கலப் பொருள்' என்று வைத்தால் இரு பொருளுக்கும் இடமிருக்கும் என்பது என் கருத்து. ஏனெனில் நம்பிக்கையின் உண்மை நிலையே அதுதான். நான் அவர் கையில் என்னை வைக்கிறேன். அவர் என் கையில் தம் நற்செய்தியை, தம் மக்களை வைக்கிறார்.

மும்முறை மறுதலித்த பேதுருவிடம், திபேரியக் கடற்கரையில் மும்முறை அன்பைக் கேட்டு, தம் ஆடுகளை ஆண்டவர் ஒப்படைத்தார். அங்கே 'நம்பு' என்னும் வினை வரவில்லை. அதன் செயல் மட்டும் வருகிறது. ஒருமுறை தவறியவரை நம்பி மீண்டும் கொடுக்கும் அச்செயலால்தான் நாம் ஒவ்வொருவரும் நிற்கிறோம். ஆகவே வரும் ஞாயிறன்று 'நம்புகிறேன்' என்று சொல்லும்போது, அதனை முற்றுப்பெற்ற வினையாகச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடாதிருப்போம். 'நம்பி' என்னும் எச்சமாக அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். உம்மை நம்பி மன்னித்தேன், உம்மை நம்பிக் கொடுத்தேன், உம்மை நம்பி உண்மை பேசினேன் என்று வாரம் முழுவதும் அதற்கு முடிபு தேடுவோம். நம் அறிக்கையின் இறுதியில் நாம் சொல்லும் 'ஆமென்' என்பதும், ஆபிரகாம் ஆண்டவரை நம்பினார் என்று தொடக்கநூல் கூறும் எபிரேய வினையும் ஒரே வேரில் பிறந்தவை. உறுதியாக நிற்றல் அவ்வேரின் பொருள். கொடுத்துவிட்டவரே அவ்வாறு நிற்க முடியும்.